பதினாலாம் கட்டம்

வரிசையில் முன்னால் மூன்று பேர்தான் நின்றார்கள், மூன்று பேருக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும், பத்து நிமிஷம், அதற்குள் கையிலிருக்கிற படிவத்தைக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்துவிடலாம் என்றுதான் இஞ்ஞாசி மோத்தா வந்து நின்றார். நின்ற கொஞ்ச நேரத்தில் அந்த மூன்று பேர் ரொம்பக் குறைவாகத் தெரிந்தார்கள், முப்பது பேர் நின்றிருந்தால் தேவலை என்று பட்டது. தந்திப் படிவத்தை வீட்டிலேயே எழுதியாயிற்று. மேலே மகன் பெயர், அமலதாஸ் மோத்தா, மெட்ராஸ் விலாசம், கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி: படையில் பணி எதுவும் இல்லை என்று எழுது, அப்பா. எழுதிய கை இவருடையது, சொன்ன வாய் மனைவி செலஸ்தீனுடையது. காலையில் மகனுடைய கடிதம் வந்தபோது அவள் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், கத்தியை நிறுத்தாமலே படிக்கச் சொன்னாள், இவர் படித்தார். கடற்படை ஆள்சேர்ப்பில் எழுத்துத் தேர்வும் உடம்புப் பரிசோதனையும் தேறிவிட்டேன், கடைசியாக ஒரு விவரப் படிவம், வெள்ளிக்கிழமை, அதாவது நாளை, பகல் பன்னிரண்டுக்குள் கொடுக்க வேண்டும், அதில் பதினாலாம் கட்டத்தில் தகப்பனார் முன்பு படையில் இருந்தாரா, எந்தப் படை, எந்தக் காலம், என்ன காரணத்தால் விலகினார் என்று கேட்டிருக்கிறது, நீங்கள் யுத்தத்தில் கப்பலில் இருந்ததை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், விலகிய காரணம் மட்டும் உடனே தந்தியில் தெரிவியுங்கள். மட்டும். இருபது வயதுப் பிள்ளை ஒரு கவலையும் இல்லாமல் போட்ட அந்த மட்டும் என்ற வார்த்தையில்தான் இவருடைய மனசு காலையிலிருந்து மாட்டிக்கொண்டு கிடந்தது, வலையில் நண்டு மாட்டினால் உதறவும் முடியாது பிய்க்கவும் முடியாது என்பார்களே, அந்த மாதிரி.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தந்திக் கருவி தட்டிக்கொண்டிருந்தது. கப்பலில் தந்தியாளராக இவர் பழகியது காதுக்குள் ஊதுகிற விசில், குறிலுக்குக் குறுகின ஊதல், நெடிலுக்கு நீண்ட ஊதல், பயிற்சிப் பள்ளியில் வெள்ளைக்கார ஆசிரியன் புள்ளி கோடு என்றுதான் சொன்னான், இவர் மட்டும் மனசுக்குள் குறில் நெடில் என்று மாற்றிக்கொண்டார், அதனாலேயே முதலாவதாக வந்தார் என்று இன்றைக்கும் ஒரு நம்பிக்கை. இங்கே இருப்பது பித்தளைத் தட்டு. டக்கென்று விழும், டக்கென்று எழும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்பதுதான் குறிலும் நெடிலும். கொழும்பிலிருந்து திரும்பி வந்த புதிதில் அது பிடிபடவில்லை, இரண்டே மாதத்தில் பிடிபட்டுவிட்டது, அதோடு தொல்லையும் சேர்ந்துகொண்டது, கார்டு வாங்க வந்தால்கூட ஊராருடைய சாவும் கல்யாணமும் காதில் வந்து விழும். இப்போது திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது, அத்தைக்குத் தேவலை, புறப்பட வேண்டாம். நல்லது, அத்தை பிழைத்துக்கொண்டாள். இதே மேஜையிலிருந்துதான் இவருடைய வரியும் போகப்போகிறது, படையில் பணி இல்லை. எவ்வளவு சுத்தமான வரி. செலஸ்தீன் சொன்னது இதுதான்: "இல்லைன்னு போட்டுரச் சொல்லுங்க. இல்லைன்னு சொல்லிட்டா அதுக்கு மேல கேக்க என்ன இருக்கு?" அவளுக்கு எல்லாம் தெரியும், கல்யாணம் ஆன மூன்றாம் நாளே இவர் சொல்லிவிட்டார், அவளும் அன்றைக்கு வாயை மூடினவள்தான், கொழும்பில் இருபது வருஷத்துக்கு மேல் அண்டை வீட்டுக்காரிகளிடம்கூட எங்க வீட்டுக்காரர் யுத்தத்தில் இருந்தார், யுத்தம் முடிந்தது, அனுப்பிவிட்டார்கள் என்பதைத் தாண்டி ஒரு சொல் விட்டதில்லை. அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு, அதில் தப்பில்லை.

ஆனால் இல்லை என்று போட்டால் எது இல்லாமல் போகிறது. பின்னால் நின்ற உப்பளத் தரகர் ஆறுமுகக்கனி, என்ன மோத்தா அண்ணாச்சி, தந்தியும் கையுமா நிக்கீக, மருமக வாராளா என்று கேட்டார், மகனுக்கு வேலை விஷயம் என்று இவர் சொன்னதும் நல்லது நல்லது என்று தன் லாரி தூத்துக்குடி தாண்டுமுன் அச்சு முறிந்து நிற்கிற கதையைத் தொடங்கிவிட்டார், இவர் ம் கொட்டிக்கொண்டே அரக்கான் கரைக்குப் போய்விட்டார். நாற்பத்தைந்து ஜனவரி. சேறும் அலையாத்திக் காடும், எந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று வரைபடத்துக்கே தெரியாத கரை. காதுக் கருவியைக் கழற்றாமல் முப்பது மணி நேரம், மாற்று ஆள் காய்ச்சலில் கிடந்தான், காதுமடல் தோல் உரிந்து கருவியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஜப்பான்காரன் அலைவரிசையைக் கெடுத்துக்கொண்டிருந்தான், அந்த இரைச்சலுக்கு அடியில், கூட்டத்துக்குள் யாரோ நம் பெயரை மெல்லக் கூப்பிடுகிற மாதிரி, ஒரு படகு தன் இடத்தைச் சொல்லிற்று, ஆறு எண்கள், ஒருமுறைதான் சொல்லிற்று, பிறகு அடங்கிவிட்டது. இவர் எழுதிக் கொடுத்தார். ஐந்தாவது எண் மூன்றா எட்டா என்று கேப்டன் கேட்டான், எட்டு என்றார். நிச்சயமா என்றான். நிச்சயம் என்றார். எட்டுதான். தவறான கால்வாயில் மாட்டின முப்பத்திரண்டு பஞ்சாபிகள் அந்த எட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள், அதில் ஒருவன் கப்பல் ஏறியதும் யார் என்று விசாரித்து வந்து இவருடைய இரண்டு காதையும் பிடித்து முத்தம் வைத்துவிட்டுப் போனான், பேர்கூடச் சொல்லவில்லை. ராஜாவுக்காகச் செய்ததுதான், ராஜாவின் கப்பல், ராஜாவின் கொடி, எதிர்க்கரையில் மலாயாத் தோட்டத்திலிருந்து வந்த நம்மூர்ப் பிள்ளைகளே சுதந்திரத்துக்கென்று துப்பாக்கி பிடித்துக்கொண்டு காட்டுக்குள் கிடந்தார்கள் என்பதும் தெரியும், தெரிந்துகொண்டேதான் கேட்டார், கேட்டதைத் தப்பில்லாமல் எழுதினார். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, அந்த முப்பத்திரண்டு பேரும் யாருடைய பிள்ளைகள். இல்லை என்ற ஒற்றைச் சொல் போட்டால் அந்த எட்டும் இல்லை. வெள்ளைக்காரன்கூட அழிக்காததை நானே அழிப்பதா.

சரி, அப்படியானால் இருந்தேன் என்று போடு, யுத்தம் முடிந்து விடுவிக்கப்பட்டேன் என்று போடு, இவருடைய அப்பா சொன்ன மாதிரி. அந்தப் பொய் அப்பாவுடையதுதான். தோளில் இருந்த பட்டையைக் கிழித்தெடுத்துவிட்டு ரயில் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள், நாற்பத்தாறு வெயில் காலம், சட்டையில் பட்டை இருந்த இடம் மட்டும் நீலம் வெளுக்காமல் பளிச்சென்று இருந்தது, கம்பெனிக் கப்பல்களுக்கு எழுத்து வேலை பார்த்த அப்பா அந்த நீலத்தைப் பார்த்தார், மூன்று நாள் பேசவில்லை, நாலாம் நாள் கோயில் வாசலில் யாரோ கேட்டதற்கு யுத்தம் முடிஞ்சது, அனுப்பிட்டான் என்றார், அன்றிலிருந்து அதுவே வரலாறு. இவர் அதைத் திருத்தவில்லை. திருத்தினால் அப்பாவின் வேலை போகும் என்றிருந்தது, பிறகு அப்பாவே போய்விட்டார், அதற்கும் பிறகு கொழும்பு, அங்கே யாருக்கு எதற்கு, அப்படியே இருபத்தாறு வருஷம். வரிசை நகர்ந்தது. முன்னால் இரண்டு பேர். ஒரு கன்னியாஸ்திரி, ஒரு பனியன் போட்ட லாரிக்காரன். இவர் லாரிக்காரனுக்குப் பின்னால் போகாமல் தரகரைப் பார்த்து நீங்க போங்க, உங்க லாரி நடுரோட்டில் நிக்குதே என்றார், தரகருக்குச் சந்தோஷம், நல்லாயிருப்பீக அண்ணாச்சி என்று முன்னால் வந்து நின்றுகொண்டார், மறுபடியும் மூன்று பேர் ஆனார்கள்.

அந்தச் செய்தி வந்தது நாற்பத்தாறு பிப்ரவரியில், இவர் கருவியில் உட்கார்ந்திருந்த பகல் காவல் முறையில். கொச்சியிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த கப்பல், கடல் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. பம்பாயிலிருந்து. சிக்னல் பள்ளி மாலுமிகள் சாப்பாட்டையும் வேலையையும் நிறுத்திவிட்டோம், கல்லுக் கலந்த பருப்பையும் வேசி மகனே என்ற கூப்பாட்டையும் இனிப் பொறுப்பதில்லை, பிடித்து வைத்திருக்கிற ஐ.என்.ஏ. ஆட்களை விடு, எல்லாக் கப்பலும் சேர்ந்துகொள்ளட்டும். கால் மணி நேரத்தில் தலைமையகத்திலிருந்து இன்னொன்று, முந்தின செய்தி விஷமிகள் வேலை, நம்பாதே. எது நிஜம். தாளில் இரண்டும் ஒரே எழுத்து, ஒரே பென்சில். ஆனால் தந்தி தட்டுகிறவனுக்கு நடை மாதிரி கைக்கும் ஒரு சாடை உண்டு, தூரத்தில் இருட்டில் வருகிறவனை நடையை வைத்துச் சொல்லிவிடுகிறோம் இல்லையா. முதல் செய்தியில் க்யூ எழுத்து வந்த இடத்திலெல்லாம் கடைசி நெடில் ஒரு முடி அளவு இழுத்துக்கொண்டு நின்றது. யூசுப் பெய்க். லாகூர்ப் பக்கத்தான், பயிற்சிப் பள்ளியில் பக்கத்துக் கட்டில், க்யூவை அப்படி இழுக்காதே என்று ஆசிரியன் ஆறு மாதம் திட்டியும் திருந்தாதவன், அது என் அக்காவின் கொலுசு, கடைசிப் படியில் ஒருதரம் கூடக் குலுங்கும் என்பான். பொய் சொல்லத் தெரியாத தடியன். யூசுப் தட்டினால் அது நிஜம். போன டிசம்பரில் நம் கப்பல்கள் கராச்சியை அடித்தன என்று வானொலியில் சொன்னபோது தெருவே வெடி வெடித்தது, இவரும் கை தட்டினார், பெருமையாகத்தான் இருந்தது, நம் கப்பல், நம் பையன்கள், தட்டிய கை பாதியில் நின்றது, யூசுப் அங்கேதான் எங்கோ இருப்பான், அவனையும் பிறகு இந்தியக் கடற்படையும் சேர்க்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் சேர்க்கவில்லை என்று கேள்வி. அமலதாஸ் மறுநாளே ஆள்சேர்ப்பு விளம்பரத்தைத் தேட ஆரம்பித்தான். எங்கே விட்டேன். க்யூ.

கேட்டதை எழுத வேண்டும், அதுதான் விதி. பிடித்ததோ பிடிக்காததோ, எதிரியுடையதோ நம்முடையதோ, காதில் விழுந்த செய்தி நேரத்தோடு பதிவேட்டில் ஏற வேண்டும், ஓரத்தில் கேட்டவன் தன் பெயரின் இரண்டு எழுத்தைப் போட வேண்டும். இவர் எழுதினார். கேப்டன் வந்து பார்த்தான், பொடிமீசை வைத்த சின்ன வயசுக்காரன், கெட்டவன் இல்லை, அரக்கானில் தோளைத் தட்டிக்கொடுத்தவனே அவன்தான். அந்தத் தாளைக் கிழித்துவிடு மோத்தா, நீயும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை என்றான், அது கருணைதான், இன்றைக்கும் அதைக் கருணை என்றே சொல்ல வேண்டும். இவருக்கு எங்கிருந்து வந்ததோ, நிச்சயமா என்று நீங்கள் கேட்டபோது எட்டு என்றேன், நம்பினீர்கள், அதே காதுதான் ஐயா இது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, ஓரத்தில் வழக்கமான இரண்டு எழுத்துக்குப் பதிலாக முழுப் பெயரையும் எழுதினார், இஞ்ஞாசி ஜோசப் மோத்தா. பிறகு கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய் அறுபது பேர் முன்னால் செய்தியைப் படித்தார். அன்று மாலையே கொடியை இறக்கிவிட்டார்கள், ஒருத்தன் மேல் ஒருத்தன் கை வைக்கவில்லை, சமையல்காரன் மட்டும் அழுதான், பருப்பில் நான் கல் போடவில்லை, மூட்டையிலேயே இருந்தது என்று. நாலு நாள். நாலாம் நாள் சரணடையச் சொல்லிச் செய்தி வந்தது, தட்டியது வேறு கை. விசாரணையில் அறுபது பேரில் யாரையும் சுட்டிக்காட்ட முடியவில்லை, பதிவேட்டில் முழுப் பெயர் எழுதினவன் மட்டும் தானாகவே மாட்டினான். அடுத்த காவலில் இருந்தவனும் இதே செய்தி இரண்டாம் முறை வந்தபோது கேட்டு எழுதினவன்தான், இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொண்டான், இப்போது பெரிய அதிகாரி, போன ஜனவரியில் பேப்பரில் படம் வந்தது. முட்டாள்தனமா அது. இருபத்தாறு வருஷமாக இந்த இடத்துக்கு வந்ததும் மனசு ஒரு சுற்றுச் சுற்றும், இரண்டு எழுத்துப் போதுமே, யார் கேட்டார்கள் மற்ற எழுத்துகளை. ஆனாலும் இவருடைய ஆயுசில் வேறு எந்தக் கையெழுத்தும், கல்யாணப் பதிவு உட்பட, அவ்வளவு நேராக விழுந்ததில்லை.

கன்னியாஸ்திரி போய்விட்டாள். லாரிக்காரன் கம்பிக்குள் கையை விட்டு ரசீது வாங்கிக்கொண்டிருந்தான். அது உன் பெருமை, சரி, பலன் யாருக்கு, பிள்ளைக்கு, மெட்ராஸில் ஒரு அதிகாரி பதினாலாம் கட்டத்தைப் படிக்கிறான், புருவம் உயருகிறது, அடுத்த தாளை எடுக்கிறான், முடிந்தது, பையன் தூத்துக்குடிக்கு ரயில் ஏறுகிறான், வாசலில் வந்து நிற்கிறான், ஒன்றும் சொல்லமாட்டான், அதுதான் பயம், திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அல்லது அந்த அதிகாரியே நாற்பத்தாறில் ஏதோ ஒரு கப்பலில் பருப்பில் கல் கடித்தவனாக இருந்தால். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதை இங்கே நின்று யார் சொல்வது. நினைத்துப் பார்த்தால் இவர் காலையிலிருந்து செய்துகொண்டிருப்பது அந்த அதிகாரியின் வேலையை. சுதந்திர நாட்டுக் கடற்படை இந்த மாதிரி ஒருவனை நினைத்து வெட்கப்படுமானால் அது தன் வாயால் சொல்லட்டும், அதற்குப் பதிலாக நான் ஏன் முந்திக்கொண்டு வெட்கப்படுகிறேன். பிள்ளை கேட்டிருக்கிறான். இருபது வருஷத்தில் முதல் தடவை, அப்பா, எப்படி விலகினீர்கள் என்று கேட்டிருக்கிறான். பொய்யை வைத்துக்கொண்டு அவன் படையில் ஏறினால், அந்தப் பொய்யைக் காப்பாற்றுகிற வேலையும் அவன் தலையில் ஏறும், என் அப்பா என் தலையில் ஏற்றின மாதிரி. நிஜத்தைக் கொடுத்தால் அதை எழுதுவதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்யட்டும், அவன் தேறின தேர்வு, அவன் பேனா. இவர் கையிலிருந்த படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, பலகையில் கயிறு கட்டித் தொங்கின பேனாவை எடுத்து, புதுப் படிவத்தில் எழுதத் தொடங்கினார். ஒருமுறை அடித்தார். மறுபடி எழுதினார். லாரிச் செய்தியைக் கொடுத்து முடித்த தரகர் ரசீதுக்காகக் காத்துக்கொண்டே திரும்பிப் பார்த்து, என்ன அண்ணாச்சி, கவிதை எழுதுதீகளா என்றார்.

உள்ளே இருந்தவர் நெல்லையப்பன், வெற்றிலைக் காவி ஏறின பல்லும் தங்க பிரேம் கண்ணாடியுமாக, இந்த ஆபீசில் பதினைந்து வருஷமாகத் தந்தி தட்டுகிறவர். படிவத்தை வாங்கிப் பென்சில் முனையால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு, வழக்கப்படி வாய்விட்டே படித்தார், ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: தந்தியாளர், நான்கு ஆண்டு, அரக்கான் போர். நாற்பத்தாறு பிப்ரவரி மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் சேர்ந்தேன். டிஸ்மிஸ்டு. இதுவே உண்மை. முடிவு உன்னுடையது. அப்பா. டிஸ்மிஸ்டு என்ற இடத்தில் பென்சில் நின்றது. நெல்லையப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பையன் வேலை விஷயம்தானே சார் என்றார். ஆமாம் என்றார் இவர்.

"தப்பா நெனைக்காதீங்க. இந்த எடத்துல ரிலீஸ்டுன்னு போட்டாலும் ஒரு வார்த்தைதான்."

"அது வேற ஆளுக்கு நடந்தது. எனக்கு நடந்தது இதுதான்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, குரல் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது, தபால்தலை விற்கிற பக்கத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். மூடி வைத்த இருபத்தாறு வருஷம் ஒரு தபால் ஆபீசில், உப்புத் தரகர் முன்னால், வெளியே வந்து நின்றது, இவருக்கு உள்ளங்கால் வரை ஒரு சூடு இறங்கிற்று, வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தார், இல்லை, அரக்கானில் ஐந்தாவது எண்ணைச் சொன்னபோதும் இப்படித்தான் இருந்தது. ஆறுமுகக்கனி ரசீதை வாங்கிக்கொண்டும் போகவில்லை. எந்த வருஷம்னு சொன்னீக என்று கேட்டார். நாற்பத்தாறு, பம்பாய்க் கப்பல்காரர்கள் என்றார் இவர். தரகர் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எங்க அய்யா கடைய அடைச்சாக அன்னைக்கு. பம்பாயில கப்பல்கார பயலுவள வெள்ளக்காரன் சுடுதான்னு. எனக்குப் பதினோரு வயசு. யாரோ எவனோன்னு நெனச்சேன் அண்ணாச்சி." நிறுத்திக்கொண்டு இவரை மேலும் கீழும் பார்த்தார், தினம் பார்க்கிற ஆளைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி. "அது நீங்கதானா."

இவர் தலையை ஆட்டினார். நெல்லையப்பன் மேஜைக்குப் போய் உட்கார்ந்து மெட்ராஸைக் கூப்பிட்டார், மெட்ராஸ் பதில் சொல்லிற்று, விலாசம் போயிற்று, மகன் பெயர் போயிற்று, அரக்கான் போயிற்று. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டு விழுகிறது, எழுகிறது, ஒவ்வொரு எழுத்தாக இவரை விட்டுப் போகிறது, இதோ அந்த வார்த்தை, நெடில் குறில் குறில், டி, குறில் குறில், ஐ, இனித் திரும்பக் கூப்பிட முடியாது, செலஸ்தீனிடம் என்ன சொல்வது, இருக்கட்டும், முதலில் இது போகட்டும். வார்த்தை முடிந்ததும் மெட்ராஸ் குறுக்கே தட்டிற்று. நெல்லையப்பன் தலை தூக்குவதற்கு முன்பே இவருக்குப் புரிந்துவிட்டது, அந்தப் பக்கத்தான் கேட்கிறான், இந்த வார்த்தை சரிதானா, தவறா, திரும்பச் சொல். நெல்லையப்பன் கையைத் தந்திக் கட்டையிலிருந்து எடுத்தார், கண்ணாடிக்கு மேலாக இவரைப் பார்த்தார். மாற்றிக்கொள்வதானால் இப்போது மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அந்தப் பார்வை.

"சரிதான்," என்றார் இஞ்ஞாசி மோத்தா. "நிதானமா அனுப்புங்க. அவன் காதுல நல்லா விழணும்."

நெல்லையப்பன் திரும்ப அனுப்பினார். எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதிக் காட்டுகிற மாதிரி, கடைசி எழுத்துவரை. ஒரு கணம் கருவி சும்மா கிடந்தது. பிறகு மெட்ராஸிலிருந்து வந்தது, குறில் நெடில் குறில், கிடைத்தது.